“இருந்து என்ன ஆகப்போகுது” என்று ஒருவர் சொன்னால்: காரணத்தைப் புரிந்துகொள்ளவும் கூட நிற்கவும்

இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் செத்துவிடலாம் என்ற நினைப்பு ஓடிக்கொண்டிருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். பேச வாய் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “என்னைத் தனியா விடாதீங்க” என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும்.

மற்றவர்களுக்கு இந்தக் கட்டுரை நீளமாகவே இருக்கும். வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் ஒருவர் மனம் ஒடிந்து நிற்கிறார் என்று சந்தேகம் வந்தவர்களுக்காக எழுதியது.

ஒரு வரிக் காரணத்தை நம்பாதீர்கள்

பேப்பரில் வரும் செய்தியைப் பாருங்கள். “தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார்”, “குடும்பத் தகராறு”, “கடன் தொல்லை”. ஒரு வரிக்குள் ஒரு உயிரின் கதை முடிந்துவிடும். காவல் நிலையப் பதிவேட்டிலும் காரணத்துக்கு இருப்பது ஒரே கட்டம்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாடு முழுவதுமான காரணப் பட்டியலில் ‘குடும்பப் பிரச்சினை’ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, ‘நோய்’ நூற்றுக்குப் பதினெட்டு. ஆனால் குடும்பப் பிரச்சினை இல்லாத வீடு எது? வயிற்றுவலி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆகவே அந்த ஒற்றை வரி உண்மையாகவே இருந்தாலும் அது விளக்கம் ஆகாது.

இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்திலேயே சான்று இருக்கிறது. நகரத்தை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகப் பிறப்பு இறப்புக் கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வீட்டாரிடம் உட்கார்ந்து பேசி, எப்படி நடந்தது என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். 1994 முதல் 1999 வரை அப்படி எடுத்த கணக்கில், ஆண்டுக்கு லட்சம் பேருக்குச் சுமார் 95 தற்கொலைகள். அந்தக் காலத்து தேசியக் காவல் கணக்கைவிட இது பல மடங்கு. பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58 என்று 2004-இல் வெளியான ஆய்வு சொன்னது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்கள்தான் அதிகம் இறப்பார்கள். இங்கே அந்த வயதில் அது தலைகீழாக இருந்தது.

பழைய கணக்குதான். ஆனாலும் அதே ஒன்றியத்தில் பின்னால் நடந்த இன்னொரு ஆய்வு நம் வேலைக்கு மிகவும் உதவும். தற்கொலையால் இறந்த 100 பேரையும், அவர்களை ஒத்த வயதில் உயிரோடு இருந்த அக்கம்பக்கத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இறந்தவர்களில் 37 பேருக்கு மட்டுமே மருத்துவப் பெயர் வைக்கக்கூடிய மனநோய் இருந்தது. அதிலும் குடிக்கு அடிமையானவர்களே முதலிடம். மற்றபடி பிரித்துக் காட்டியவை நான்கு: ஓயாத நெருக்கடி, நாள்பட்ட வலி, தனியாக வாழ்வது, கடந்த ஓராண்டுக்குள் ஒரு நெருங்கிய உறவு முறிந்தது. “வயிற்றுவலி” என்ற வரியைச் சாக்கு என்று தள்ளவும் முடியாது, அதோடு நின்றுவிடவும் கூடாது என்று இதிலிருந்து தெரிகிறது. மனநோய் வந்தால்தான் இந்த நினைப்பு வரும் என்பதும் தப்பு. மனநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தப்பு.

மூன்று அடுக்காகக் கேளுங்கள்

ஒருவர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்று புரிந்துகொள்ள, மனசுக்குள் மூன்று அடுக்கு வைத்துக்கொண்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

அடியில் இருப்பது பழைய சுமை. மாதக்கணக்காக, வருடக்கணக்காக ஏறியது. புருஷனின் குடி, அடி உதை, வாரம் தவறாமல் வரும் குழுக்கடன் தவணை, மழை பொய்த்த கொல்லை, ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் வேலை விட்டுப்போன தோல் தொழிற்சாலை, தீராத முதுகுவலி, சாதி சொல்லி அவமானப்பட்ட பள்ளிக்கூட நாள்கள், சின்ன வயதில் யாரிடமும் சொல்லாத ஒரு கொடுமை. சிகிச்சை பெறாத மனச்சோர்வு, குடி அடிமை, காதில் குரல் கேட்கும் நோய் எல்லாம் இந்த அடுக்கில்தான் வரும். முன்பு ஒருமுறை முயன்றவர், வீட்டில் ஒருவரை இப்படி இழந்தவர் என்றால் அந்தச் சுமை இன்னும் கனம். பிள்ளை பெற்ற முதல் வருடத்துப் பெண்ணையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். “பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று அவள் அழுகையைத் தள்ளிவிடுகிறோம்.

நடுவில் இருப்பது புதிய அடி. கடந்த சில நாள்கள், சில வாரங்களுக்குள் நடந்தது. தவணைக்காரர் தெருவில் நின்று சத்தம் போட்டது, +2 ரிசல்ட், நீட் மதிப்பெண், காதல் வீட்டுக்குத் தெரிந்து செல்போன் பறிபோனது, ஒரு கல்யாணத்தில் பங்காளி சொன்ன ஒரு வார்த்தை. வெளியே இருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். “இதுக்கா?” என்று ஊர் கேட்கும். அடிச் சுமை தெரியாததால் வரும் கேள்வி அது. நம் ஊரில் இந்த அடுக்கில் அடிக்கடி ஒளிந்திருப்பது பணமோ மார்க்கோ அல்ல, மானம். நாலு பேர் முன்னால் தலை குனிந்த நேரம்.

மேலே இருப்பது அந்த நேரம். குடித்திருக்கிறார், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, வீட்டில் யாரும் இல்லை, கைக்கு எட்டும் இடத்தில் ஆபத்தான பொருள் இருக்கிறது. நினைப்பு செயலாக மாறுவது பெரும்பாலும் இந்த அடுக்கில்தான். பலருக்கு அந்த உச்சம் நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில் வந்து போவது.

அடியில் இருக்கும் கடனை நீங்கள் அடைக்க முடியாது, மாமியாரை மாற்ற முடியாது. அதனால் நம்மால் ஒன்றும் ஆகாது என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். ஆனால் மேல் அடுக்கு முழுக்க நம் கைக்குள் இருக்கிறது. இன்று இரவு யார் கூடப் படுப்பது, பூச்சிமருந்து எங்கே இருப்பது, குடிக்காமல் பார்த்துக்கொள்வது யார் என்று முடிவு செய்ய டாக்டர் பட்டம் வேண்டாம். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாடுகளில் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த உண்மை. அந்த ஒரு இரவைக் கடத்துவது வீண் போகாது.

உள்ளே என்ன நடக்கிறது

சாவை விரும்பி யாரும் அந்த முடிவுக்குப் போவதில்லை. வலி நிற்க வேண்டும், அவ்வளவுதான். மனவலியும் உடம்பு வலி போலத்தான்; உச்சத்தில் வேறு எதையும் யோசிக்க விடாது. பல் வலி வந்த ராத்திரியில் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றி யாராவது யோசிப்பார்களா?

அப்போது பார்வை குறுகிவிடும். ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரண்டு பக்கமும் தோல் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, நேரே இருக்கும் ரோடு மட்டும்தான். மனம் ஒடிந்தவருக்கும் அப்படித்தான். தம்பி இருக்கிறான், ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜூன் ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது, எல்லாம் இருக்கின்றன. அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. “புள்ளைங்க மொகத்தப் பாத்தாவது நெனச்சிருக்கக் கூடாதா” என்று பிறகு பழிக்கிறோமே, அந்த முகம்தான் கண்பட்டைக்கு அந்தப் பக்கம் மறைந்துபோனது. அன்பு இல்லாததால் அல்ல.

அடுத்தது, தான் ஒரு பாரம் என்ற எண்ணம். “நான் போயிட்டா அவங்களாச்சும் நிம்மதியா இருப்பாங்க.” இதைச் சுயநலம் என்பவர்கள் கவனிக்க வேண்டும்: அவர் கணக்கில் அது வீட்டாருக்குச் செய்யும் நன்மை. கணக்குத் தப்பு, ஆனால் அவருக்கு அது அப்பட்டமான உண்மையாகத் தெரிகிறது. வேலைக்குப் போக முடியாத வயதானவர்கள், டயாலிசிஸ் செலவு பார்க்கும் வீட்டு நோயாளிகள், கல்யாணம் தட்டிப்போகும் பெண்கள் ஆகியோரிடம் இந்தப் பேச்சை உன்னிப்பாகக் கேளுங்கள். கூடவே, பத்துப் பேர் இருக்கும் வீட்டிலும் யாரோடும் ஒட்டாத ஒரு தனிமை வரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நம்பிக்கை அற்றுப்போவது. சோகத்தைவிட, “இனி எதுவும் மாறாது” என்ற தீர்மானமே தற்கொலையை முன்கூட்டிக் காட்டும் வலுவான அடையாளம் என்று ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக் காட்டினார். “கஷ்டமா இருக்கு” என்பதைவிட “இனிமே ஒண்ணும் ஆகாது” என்பதற்கு அதிகம் பதறுங்கள்.

இத்தனைக்கும் நடுவில், பிழைக்க வேண்டும் என்ற ஆசையும் அதே மனசில் இருந்துகொண்டே இருக்கும். நாளைக்கு மாட்டுக்குத் தீவனம் வைக்கச் சொல்லிவிட்டு, அன்றே விடைபெறுவது போலப் பேசுவார். இரண்டும் உண்மை. நீங்கள் பேச வேண்டியது அந்த ஆசையோடு.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

“எனக்கு மனச்சோர்வு” என்று நம் ஊரில் யாரும் வந்து சொல்வதில்லை. தலை பாரம், நெஞ்சு அடைப்பு, உடம்பு எரிச்சல், கை கால் அசதி, வயிறு மந்தம் என்று உடம்பின் பேரில்தான் வரும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தபிறகு டானிக் பாட்டிலோடு வீடு திரும்பிவிடுவார்கள்.

ஆகவே சொல்லைவிட வேலையைப் பாருங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் முறம், கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பேசும். நாளைக்கு ஆயிரம் சுற்றிக்கொண்டிருந்தவள் இப்போது நானூறு தாண்டுவதில்லை. வெட்டிய இலை காய்ந்து விளிம்பு சுருண்டு கிடக்கிறது. கட்டிய நூல் தளர்ந்து, கட்டு எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு குறைகிறது. முறத்தை மடியில் வைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேச்சுத்துணைக்குத் திண்ணைக்கு வருவதும் நின்றுபோயிற்று. ஏஜெண்டுக்கு இது சோம்பேறித்தனம். பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்குத்தான் கை மாறிப்போனது தெரியும். தறியில் உட்காரும் நெசவாளருக்கும், பால் கறக்கும் அம்மாவுக்கும், புத்தகம் திறந்தபடியே இருக்கும் பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காதீர்கள்.

உடனே எழுந்திருக்க வேண்டிய அடையாளங்கள் தனி. சாவைப் பற்றி ஜாடையாகவோ நேராகவோ பேசுவது, “என்னைத் தேட மாட்டீங்க” என்பது. கம்மல், வண்டி, வங்கிப் புத்தகம் என்று பொறுப்புகளை ஒப்படைப்பது. நெடுநாள் பேசாதவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது. அதுவரை இல்லாத அளவுக்குக் குடிப்பது. இவற்றில் பலர் ஏமாந்துபோவது ஒன்றில்: வாரக்கணக்காகத் தவித்தவர் காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவார். வீட்டார் “தெளிஞ்சிட்டான்” என்று மூச்சு விடுவார்கள். சில சமயம் அது முடிவெடுத்துவிட்ட அமைதி. நேராகக் கேட்டுவிடுங்கள்.

“சொல்றவன் செய்ய மாட்டான்” என்பது நம் ஊரில் வழங்கும் சொற்களிலேயே அதிகம் உயிர் வாங்கியது. இறந்தவர்களில் பலர் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது

கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பல ஆய்வுகள் இதைச் சோதித்துவிட்டன. கேட்பதால் நினைப்பு கூடுவதில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது. இடம் முக்கியம். நாலு பேர் நடுவில் வேண்டாம். கொல்லைப்புறம், மாட்டுக் கொட்டகை, வண்டியில் போகும்போது என்று முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிற மாதிரி இடம் நல்லது.

“இன்னா தம்பி, ஒரு மாசமா நீ நீயாவே இல்ல. சோறும் எறங்கல, தூக்கமும் இல்ல.”

“ஒண்ணும் இல்லக்கா.”

“சரி. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

கொஞ்ச நேரம் கழித்து: “எல்லாம் வெறுத்துப்போச்சுக்கா. இன்னாத்துக்கு இருக்கணும்னு கீது.”

“செத்துடலாம்னு நெனப்பு வருதா, தம்பி?”

“...வருது.”

“எப்பல்லாம் வருது?”

“ராத்திரில. எல்லாரும் தூங்கினப்புறம்.”

“எப்படின்னு ஏதாச்சும் யோசிச்சு வச்சிருக்கியா? கையில எதுனா வச்சிருக்கியா?”

இந்த அக்கா செய்தவற்றைக் கவனியுங்கள். “ஒண்ணும் இல்ல” என்றதும் எழுந்து போகவில்லை. சுற்றி வளைக்காமல் ‘செத்துடலாம்னு’ என்ற சொல்லையே எடுத்தாள். “அந்த மாதிரி தப்பான எண்ணமெல்லாம் இல்லியே?” என்று கேட்டிருந்தால், இல்லை என்ற பதிலைத்தான் வாங்கியிருப்பாள், தப்பு என்று முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு உண்மையைக் கேட்க முடியாது. காரணத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அளந்தாள்.

அந்த அளவு இப்படி. ‘இருந்தா என்ன போனா என்ன’ என்ற நினைப்பு மட்டும் என்றால் இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தினமும் பேசுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறார் என்றால் இன்றே. எப்போது, எப்படி என்று முடிவாகி, பொருளும் கையில் இருக்கிறது, அல்லது முன்பு முயன்றிருக்கிறார் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடித்திருந்தால் எந்த நிலையையும் ஒரு படி மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

“உன்னவிடக் கஷ்டப்படறவங்க எத்தன பேரு”, “கோழை”, “சத்தியம் பண்ணு, எங்க மேல ஆணை” போன்றவை வேண்டாம். சத்தியம் வாங்கினால் நமக்குத்தான் நிம்மதி, அவருக்குச் சொல்லும் வழி அடைபடுகிறது. “யார்கிட்டயும் சொல்லாத” என்று அவர் கேட்டால், “ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிரக் காப்பாத்த யார் வேணுமோ அவங்ககிட்ட சொல்வேன்” என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் பாதுகாப்பாக்குவது

வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். இறவாணத்தில் செருகியது, கட்டிலுக்கடியில் தள்ளியது, பம்புசெட் ரூமில் மறந்தது என்று பழைய பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாம் கிடக்கும். மிச்சத்தைச் சேர்த்து வைக்காதீர்கள்; அந்தத் தெளிப்புக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். இருப்பதைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்து, பெட்டியை வீட்டுக்கு வெளியே வைத்து, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் எல்லா விவசாயிகளின் மருந்தையும் ஒரே பொது இடத்தில் லாக்கர் வைத்துப் பூட்டிச் சோதித்துப் பார்த்தார்கள், விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். தனி ஆளாக முடியாவிட்டால் பால் சொசைட்டி அளவிலோ தெரு அளவிலோ பேசிப் பாருங்கள்.

ஒன்றை எடுத்துவிட்டால் வேறு வழி தேடமாட்டாரா என்பார்கள். உச்சத்தில் பார்வை குறுகியிருக்கிறது என்று சொன்னோமே, அதனால்தான் பலர் தேடுவதில்லை. தேடுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது.

மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மேல் அவர் கையில் கொடுக்காதீர்கள். மீதி வீட்டுப் பெரியவரிடம் இருக்கட்டும்.

எங்கே அழைத்துப் போவது

வேலூரில் வழி அருகிலேயே இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடத் தங்கிக் கவனித்துக்கொள்வது அங்கே தொடக்கத்திலிருந்தே வழக்கம். “பாகாயம் போனான்” என்பதை ஏச்சாகப் பயன்படுத்தும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் வாசல் வரை வந்து திரும்புகிறார்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, “மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை, எங்க வர்றாரு?” என்று கேளுங்கள்.

போகும்போது இதுவரை பார்த்த சீட்டுகள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள், எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்ற விவரம், குடியின் அளவு எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். சாவு நினைப்பு இருப்பதை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

சிகிச்சை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மனச்சோர்வு மாத்திரை வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், நன்றாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், படபடப்பு மட்டுமே தெரியும். “பத்து நாளா சாப்பிட்டும் ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்துவது முதல் தவறு. அந்தத் தொடக்க வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கூடுதலாகக் கண்காணியுங்கள். தவிப்பு கூடினால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். இரண்டாவது, தெளிந்ததும் தானாக நிறுத்துவது. தெளிந்தபிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மனசுக்கு ஆறுதல் கிடைத்தால் போங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கட்டி வைக்கச் சொன்னால், “அடுத்த அமாவாசை வரை பொறு” என்று நாள் கடத்தினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

முயன்றுவிட்டால்

108-ஐ அழையுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும், “ஒண்ணும் ஆகல, சும்மா கொஞ்சம்தான்” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரி போயே ஆக வேண்டும்; சில நஞ்சுகள் ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு உறுப்புகளைக் கெடுக்கும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவோ அட்டையோ கிடைத்தால் கையோடு கொண்டு போங்கள். மயக்கமாக இருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

போலீஸ் பயத்தால் தாமதிக்க வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வது நடைமுறை. கேட்டால் உள்ளதைச் சொல்லலாம்.

நினைப்பு வருகிறவருக்கு ஒரு காகிதம்

மனம் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே எழுதுங்கள். உச்சத்தில் எதுவும் நினைவுக்கு வராது, படிக்கத்தான் முடியும். முதலில், அலை ஏறப்போவது எதில் தெரிகிறது: நெஞ்சு படபடப்பா, ஒரே நினைப்பு சுழல்வதா, குடிக்கத் தோன்றுவதா. அடுத்து, தனியாகவே செய்யக்கூடியவை: தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது, மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போவது. பிறகு, பேசாவிட்டாலும் ஆள் இருக்கும் இடங்கள்: டீக்கடை, பேருந்து நிறுத்தம், அக்கா வீட்டுத் திண்ணை. அதன்பின் நேராகச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் பெயரும் எண்ணும். அதன்கீழ் டாக்டர், 14416, 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050. கடைசியாக, வீட்டில் எதை யாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது. எழுதியதை மடித்து செல்போன் கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகான ஒன்பது தடவை

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. ஆனால் வீட்டார் அசந்துபோவதும் அப்போதுதான். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், இந்தியாவில் சென்னையில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் எளிய முறையைச் சோதித்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ நலம் விசாரிப்பும். முதல் பாதியில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தார்கள், மறுபாதியில் 0.2. மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. யாரோ மறக்காமல் கேட்டார்கள்.

அந்த ஒன்பது நாள்கள் இவை: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். பெரிய பேச்சு தேவையில்லை. “எப்படி இருக்க? தூக்கம் வருதா? மாத்திர தொடருதா? அந்த நெனப்பு திரும்ப வந்துச்சா?” என்ற நான்கு கேள்வி, வந்தது என்றால் மறுபடி டாக்டர். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை இறக்கி, அந்தந்த நாள் தாளின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காலையில் தாள் கிழிக்கும்போது கண்ணில் படும். கடைசி ஒன்றிரண்டு நாள்கள் வரும் ஆண்டுகளில் விழும். அவற்றை ஒரு சீட்டில் எழுதி அட்டைக்குப் பின்னால் ஒட்டிவைத்தால், புதுக் காலண்டர் மாட்டும்போது கையோடு மாற்றிக் குறித்துவிடலாம்.